மாலையோடு ஸ்டேஷனில்

ஹோலிக்கு ஊருக்குப் போன என் டெய்லர்கள் திரும்பி வரும் நாளன்று, நான் மாலையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். சிரிக்க வேண்டாம். குழந்தைகள் பனியன் ஆர்டர் பாதி தைத்தபடி கிடந்தது. அவர்கள் வராவிட்டால் சரக்கு போகாது, சரக்கு போகாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுத்தான். பொங்கலூர்த் தோட்டத்தை விற்றுப் போட்ட கம்பெனி அது. திரும்பிப் போகத் தோட்டமும் இல்லை.

மாலை என் மனைவியின் யோசனை. போன தடவை வேன் மட்டும் அனுப்பினோம். பக்கத்துக் கம்பெனிக்காரர் பிளாட்பாரத்திலேயே டீயும் பன்னும் கொடுத்து, என் ஆட்களில் பாதிப் பேரைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். “மாப்பிள்ளை அழைப்பு மாதிரி நாமதானுங்க முன்னால நிக்கோணும்,” என்று இவள் ஆரத்தித் தட்டையும் எடுத்துக்கொண்டாள்.

பிளாட்பாரத்தில் பார்த்தால், எல்லா வீட்டிலும் அதே யோசனை தோன்றியிருந்தது. வெள்ளை வேட்டியில் ஓனர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் தவில்காரரையே கூட்டி வந்திருந்தார். பக்கத்துக் கம்பெனிக்காரரின் மாலை என்னுடையதைவிடத் தடிமன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரயில் நின்றது. கேரளாவுக்குப் போகிற யாரோ ஒருவர் தண்ணீர் பிடிக்க இறங்கினார். அவர் கழுத்தில் இரண்டு மாலை விழுந்தது. பாவம், காலி பாட்டிலோடு திருதிருவென்று முழித்தார்.

டெய்லர்களை வேலை வாங்கும் என் லைன் மாஸ்டர் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினான். பீகார்க்காரன். துணி மடிக்கிற வேலைக்கு வந்து, டெய்லராகி, எங்கள் பேச்சைப் பேசப் பழகி, தன் ஊர்க்காரர்களையெல்லாம் என்னிடம் கூட்டி வந்தவன். இப்போது அவனுக்குப் பின்னால் யாருமே இறங்கவில்லை. அதற்குள் நான் மாலையைப் போட்டுவிட்டேன், என் மனைவி ஆரத்தி சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டாள்.

“மத்தவங்கெல்லாம் எங்கப்பா?” என்றேன்.

“அவுங்க வரமாட்டாங்கண்ணா. ஊர்லயே கம்பெனி போட்டுட்டனுங்க. எல்லாரும் அங்கதான் தைக்கறாங்க. பழைய மெசின் வாங்கலாம்னு வந்தனுங்க.”

போனில் படம் காட்டினான். தகரக் கொட்டகைக்குள் என் டெய்லர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய்கூடத் தொங்கியது, என் கம்பெனியில் தொங்குவது போலவே. வயிறு எரிந்தது. அந்தப் பூசணிக்காயைப் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

அவன் மாலையைச் சரிசெய்துகொண்டு தயங்கினான். “கட்டிங் பாக்க நல்ல ஆளில்லைங்கண்ணா. நீங்க வந்தா நல்லா இருக்குமுங்க. தங்க ஊடு தர்றமுங்க. மூணு நேரமும் அரிசிச் சோறுங்க.”

அவன் முதன்முதலில் வந்தபோது நான் அவனிடம் சொன்னதும் இதையேதான். சோற்றுக்குப் பதில் ரொட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மனைவிதான் முதலில் சுதாரித்தாள். “ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புவீங்களா தம்பி?”

“நானே மாலையோட வர்றனுங்கக்கா.”

இதையெல்லாம் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கம்பெனிக்காரர், தன் தடித்த மாலையோடு மெல்ல நகர்ந்து வந்தார். அவருடைய ஆட்களும் வரவில்லை போல.

“ஏனுங் தம்பி, பேக்கிங் பாக்க ஆள் வேணுமுங்களா?”

எனக்கு வந்ததே கோபம். “பின்னால நில்லுங்க,” என்றேன். “மொதல்ல அவுரு என்னையத்தானுங்க கூப்பிட்டாரு.”