மட்கார்டு கழற்றிய மழைக்காலங்கள்

குளிர்காலத்தில் வேலைக்குப் புறப்படும் முன் நான் கால்களில் ரொட்டிப் பை மாட்டிக்கொள்கிறேன். முதலில் கம்பளிக் காலுறை, அதன்மேல் ரொட்டி வாங்கிவந்த பிளாஸ்டிக் பை, அதற்கும் மேல் ஷூ. சட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நேற்றைய செய்தித்தாள். கைகளுக்குக் கம்பளி உறை. அதன்மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை. இவ்வளவையும் அணிந்து சைக்கிளில் ஏறும்போது, யாரோ பார்சல் கட்டி அனுப்பும் சரக்காகவே என்னை உணர்கிறேன். திருச்சுழிச் சீமையில் மேகத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த ஒருவன், மழையிடமிருந்து தப்பிக்க நாள்தோறும் இத்தனை பாடுபடுகிறான் என்றால் ஊரில் நம்ப மாட்டார்கள். ஐப்பசியில் எங்கள் மழை வந்தால் கொட்டும், கொட்டிவிட்டுப் போய்விடும். வட இங்கிலாந்தின் இந்த மலையடிவார நகரத்தில் மழை பெய்வதில்லை, இருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சைக்கிளில் போகிறவனுக்குக் குடை உதவாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திச் சட்டை நனைந்தால் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் சூட்டைக் காக்கும். மலையேறும்போது வியர்த்து, இறங்கும்போது அந்த வியர்வையே குளிர்ந்து உறைவதுதான் ஆபத்து; செய்தித்தாள் அதைத் தடுக்கும். இவை அனைத்தையும் எனக்குச் சொல்லித் தந்தவர் ஆலன். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரர், ஏறக்குறைய என் வயதினர். ரொட்டிப் பையை எப்படி மடித்தால் கணுக்காலில் உறுத்தாது என்பதைக்கூடக் குனிந்து செய்து காட்டியவர். அதனால்தான் அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அது என் முதல் குளிர்காலம். வானிலையைத் தவிர வேறெதைப் பற்றியும் யாரும் என்னிடம் பேசியிராத மாதங்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஞாயிறுதோறும் மலைச்சாலைகளில் சைக்கிளோட்டும் தம் குழுவுக்கு ஆலன் என்னை அழைத்தார். "மழையானாலும் போவோம். பயப்படாதே. எங்கள் குழுவில் யாரையும் வழியில் விட்டுவிட்டு வர மாட்டோம்" என்றார். இந்த நாட்டில் எனக்குத் திறந்த முதல் கதவு அது. அதற்குள் நுழைந்து, அவர்களில் ஒருவனாக இருந்துவிட வேண்டும் என்று நான் விரும்பிய அளவுக்கு, இங்கு வந்தபின் வேறெதையும் விரும்பியதில்லை.

சனிக்கிழமை மாலை மழை வலுத்தது. நான் மிகுந்த பொறுப்போடு ஒரு காரியம் செய்தேன். என் சைக்கிளின் இரண்டு மட்கார்டுகளையும் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டினேன். எங்கள் பக்கத்து வாசகர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கரிசல் மண் நனைந்தால் சக்கரத்தோடு சுருண்டு ஏறி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்தால் பத்தடி ஓடும்; பிறகு மறுபடி நிற்கும். அதன்பின் மனிதன் சைக்கிளைச் சுமக்க வேண்டியதுதான். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதல் மழையிலேயே மட்கார்டைக் கழற்றிவிடுவார்கள்.

இந்த விவரம் எனக்கு எளிதாக வந்ததல்ல. எண்பதுகளின் இறுதியில், மதுரையில் பட்டம் முடித்து ஊர் திரும்பியிருந்தேன். நரிக்குடிக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் வாய்க்காலை, எங்களுக்கு மேற்புறத்து ஊரான மேலூரார் குறுக்கே கரை போட்டு மறித்துவிட்டார்கள். வறண்ட வாய்க்காலில் எல்லா மேடும் ஒன்றுபோலத்தான் தெரியும். தண்ணீர் ஓடும் நாளில்தான் தடுப்பைக் கண்ணால் காட்ட முடியும். அடுத்த பெருமழையன்று நேரில் வந்து பார்ப்பதாகத் தாலுகா அலுவலகத்து அதிகாரி ஒருவர் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலைப் பெற என்னோடு ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தவன், பாளையம்பட்டியில் கடை வைத்திருந்தவரின் மகன் செல்வராசு. என் கல்லூரித் தோழன்.

மழை வந்தது. இருவரும் புறப்பட்டோம். கரிசல் பாதையில் இறங்கிய சற்று நேரத்தில் என் சக்கரங்கள் நின்றுவிட்டன. அவன் சைக்கிள் வழுக்கியபடியே ஓடியது. அப்போதுதான் பார்த்தேன், அதில் மட்கார்டு இல்லை.

"ஏலே, காலேசுல படிச்சவனே, மட்கார்டோடயா வந்த? மழைக்கு இத நேத்தே கழட்டிருக்கணும்ல."

"நேத்து முழுக்க எங்கூடத்தான இருந்த. ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நீ கேக்கலயே. சரி விடு, நீ தூக்கிட்டு மெல்ல வா. நான் முன்னால போயி அவுகள நிறுத்தி வைக்கேன். நீ வராம கரையக் காட்ட மாட்டேன், போதுமா?"

சைக்கிளைத் தோளில் சுமந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. அதிகாரி கண்ணாடியை இறக்கி, "எல்லாம் பாத்தாச்சு தம்பி. உங்க சேக்காளியே கூட்டிட்டுப் போயி காட்டுனாரு. தண்ணி நல்லாத்தான போகுது? பெறகு என்ன பிராது?" என்றார். செல்வராசு அவரைக் கரைக்கு மேற்புறம், தண்ணீர் நிறைந்தோடும் இடத்துக்கு மட்டும் அழைத்துப் போயிருக்கிறான். யூரியாச் சாக்கைத் தலைக்கு மடித்துப் போட்டு, பாதையோர டீக்கடை முன்னால் நனையாமல் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் கேட்டதற்கு அவன் தலை குனியவும் இல்லை.

"மேலூர் ஆளுகதான்லே எங்க கடைக்கு வாராக. உனக்கு இது ஒரு போகம். எங்களுக்கு வருசம் பூராவும் யாவாரம். இந்தா, நீயும் ஒரு டீ குடி."

அந்த ஆண்டு எங்கள் கண்மாய் நிறையவில்லை. நெல் கதிர் பிடிக்கும் முன்பே காய்ந்தது. சாகுபடியை விட்டுவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போனவர்களில் நானும் ஒருவன். அந்த நாளிலிருந்து எனக்கு மிஞ்சிய பயனுள்ள அறிவு ஒன்றுதான்: மழை தொடங்கினால் மட்கார்டைக் கழற்று.

ஆகவே ஞாயிறு காலை, முன்யோசனை உள்ளவன் என்ற நிறைவோடு குழுவின் முன்னால் போய் நின்றேன். ஆலன் என் சைக்கிளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "நீ கடைசியில் வா. அங்கே காற்று அடிக்காது" என்றார். விருந்தாளிக்குத் தரும் மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டேன். ஆனால் ஏற்றங்களில் வரிசை கலைந்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான மார்கரெட் எனக்குப் பின்னால் வர நேர்ந்தது. ஒரு திருப்பத்தில் நின்றபோது அவர் முகமும் கண்ணாடியும் சேறாக இருந்தன.

"அருமையான நாள், இல்லையா?" என்றார்.

"உண்மையாகவே அருமையான நாள். இப்படி ஒரு மழை எங்கள் ஊரில் பெய்தால் பொங்கல் வைப்போம்" என்று மனமாரச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னை நெடுநேரம் பார்த்தார்.

நண்பகலில் ஒரு கிராமத்துக் கஃபேயில் நிறுத்தினோம். டீயும் ஸ்கோன் என்னும் சிறு ரொட்டியும் வந்தன. நெஞ்சிலிருந்த செய்தித்தாள் வியர்வையில் ஊறியிருந்தது. பரிமாறும் பெண்ணிடம் பழைய தாள் ஒன்று கேட்டு வாங்கி, கழிவறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். மேசைகள் காலியாக இருந்தன. நாற்காலிகளிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கிளம்பிட்டாங்களே, லவ்" என்றாள் அந்தப் பெண். முன்பின் தெரியாதவரையும் இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

திரும்பி வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். யாரையும் வழியில் விட மாட்டோம் என்ற வாக்கை நான் எழுத்துப் பிசகாமல் நம்பியிருந்தேன். டீ ஆறியது. பிறகு தனியே இறங்கி ஓட்டினேன். தெரியாத மலைச்சாலை. நெஞ்சு காய்ந்திருக்க, பின்சக்கரம் வாரியடித்த நீர் முதுகை நனைத்துக்கொண்டே வந்தது. ஊரில் சைக்கிளைச் சுமந்து நடந்த அன்று முதுகில் விழுந்த மழை வெதுவெதுப்பாக இருந்தது. இதுவோ தோலுக்குள் இறங்கி எலும்பைத் தேடியது. விரல்களுக்குப் பிரேக்கை அழுத்தும் வலு போனதும், இறக்கங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். சுமக்க மட்டும் தேவைப்படவில்லை. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் மண் அந்தச் சாலையில் இல்லை.

மறுநாள் ஆலன் சோதனைக் குழாய்களிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "நேற்று நன்றாக வந்து சேர்ந்தாயா?"

"சேர்ந்தேன். என்னை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?"

"மட்கார்டுதான். குளிர்காலத்தில் குழுவோடு வருகிறவர்கள் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கும். மார்கரெட்டுக்குக் கொஞ்சம் வருத்தம்."

"வெள்ளிக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் தெரியும்."

"காலையில் என் சைக்கிளைப் பார்த்தீர்களே?"

"அத்தனை பேர் முன்னால் சொன்னால் உனக்குச் சங்கடமாக இருக்குமே."

"யாரையும் விட்டுவிட்டு வர மாட்டோம் என்றீர்கள்."

"கொஞ்ச நேரம் காத்திருந்தோம்" என்று சொல்லி, பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

அவர்களுடைய விதியை நான் பலமுறை எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். அது நியாயமான விதி. எங்கள் மண்ணில் மழை ஒருவனை அவன் இருந்த இடத்திலேயே நிறுத்துகிறது. கழற்றுவது அவன் தன்னைக் காத்துக்கொள்ள. இங்கே ஒருவன் சக்கரத்திலிருந்து எழும் மழை அடுத்தவர் முகத்தில் போய் விழுகிறது. மாட்டுவது பிறரைக் காக்க. ஒரு சமூகம் இதை ஒழுங்காக வைத்திருப்பதில் குறை காண மாட்டேன். என்னால் ஏற்க முடியாதது அந்த மௌனம். என் பாதங்கள் நனையாதிருக்க அவ்வளவு அக்கறை காட்டிய மனிதர், நான் ஒதுக்கப்படாதிருக்கத் தேவைப்பட்ட அந்த ஒற்றை வாக்கியத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். "நீ கேக்கலயே" என்று செல்வராசு சொன்னதும், "எல்லோருக்கும் தெரியும்" என்று ஆலன் சொன்னதும் இரண்டு மொழிகளில் சொல்லப்பட்ட ஒரே பதில். செல்வராசு வியாபாரத்துக்காகச் செய்தான். அதையாவது புரிந்துகொள்ள முடிகிறது. ஆலன் என் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காக என்னை மலையில் விட்டுப் போனார்.

அதன்பின் என்னை யாரும் அழைக்கவில்லை. நானும் போகவில்லை. ஆனால் பின்சக்கரத்து மட்கார்டை எடுத்து மறுபடி மாட்டினேன். இந்த ஊர் வழக்கப்படி, பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை வெட்டி மட்கார்டின் நுனியில் தொங்கவிட்டு, தரையைத் தொடும் அளவுக்கு நீட்டினேன். முன்சக்கரத்துக்கு உரியதை மாட்ட மனம் வரவில்லை. அது கொட்டகை ஆணியிலேயே தொங்குகிறது. ஊரில் எங்கள் மாட்டுக்கொட்டத்துச் சுவரில் பழைய மட்கார்டுச் சோடி ஒன்று தொங்குவதைப் போல.

இன்று காலையும் மழைதான். முன்சக்கரம் வாரியெடுத்த தண்ணீர் என் கால்களில் அடித்து, ரொட்டிப் பைக்குள் வழி கண்டு இறங்கியது. பின்சக்கரத்தின் தண்ணீர் ஒரு சொட்டும் மேலே எழாமல், யார் மீதும் தெறிக்காமல், ஒழுக்கமாகத் தார்ச்சாலையில் வடிந்தது. ஏற்றத்தின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை.