லிஃப்ட் மெக்கானிக் கற்றுக்கொண்ட பிரார்த்தனை

லிஃப்ட் மெக்கானிக்குக் கடவுள் என்றாலே கேலிதான். "மேல போகணும்னா எங்கிட்ட சொல்லு, பட்டனை அழுத்துனா போதும்" என்று மனைவியைச் சீண்டுவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவளோ, வாய்க்குள் முணுமுணுத்துப் பிரார்த்திக்காமல் ஒருநாளும் வேலைக்குக் கிளம்பியதில்லை. இருபத்தாறு வருடமாக இந்தச் சண்டை சிரிப்போடு நடந்துவந்தது.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, அவள் வழக்கம்போலக் கண்ணை மூடினாள். வார்த்தை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கேட்டும் கடவுள் கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். கணவர் பார்க்கிறாரே என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டு எழுந்துகொள்வாள்.

கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பத்தைந்து. அவர் முகத்தின் அச்சிலேயே செய்த, வலை போன்ற பிளாஸ்டிக் முகமூடியை மாட்டி, மேஜையோடு இறுக்கிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் அவருடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது வாரம் குரல் கம்மிப்போனது. தண்ணீர்கூட முள்ளாகக் குத்தியது. ஒருநாள் வெளியே வந்து சட்டையை மாட்டியபடி சொன்னார்:

"உள்ள அசையக்கூடாதுங்கறாங்க. மெஷின்ல இருக்கற ஸ்க்ரூவை எண்ணிப் பார்த்தேன். மொத்தமே எட்டுதான். சீக்கிரம் தீர்ந்துடுது."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"நீ தினம் சொல்லுவியே, அதைச் சொல்லிக் குடு."

"நீங்களா?"

"வேற எதைப் பிடிச்சுக்கறது, சொல்லு."

தான் விட்டுவிட்டதை அவரிடம் எப்படிச் சொல்வாள்? அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தாள். பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி அவர் நெட்டுருப் போட்டார். "இப்ப பயம் கொஞ்சம் தேவல" என்றார் சில நாள் கழித்து. அவர் நம்ப நம்ப, ஏமாற்றுகிறவளைப் போல அவளுக்கு மனசு குறுகுறுத்தது.

முப்பத்தைந்தும் முடிந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்றார் டாக்டர். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும், "சொல்லுவோமா?" என்றார். அவள் சொல்லச் சொல்ல அவர் முணுமுணுத்தார். 'இந்த உடம்பை எழுப்பி நடக்க வை' என்ற இடத்தில் அவளுக்கு நாக்கு எழவில்லை. தாண்டிப் போனாள்.

"ஒரு வரி விட்டுட்ட."

"மறந்துட்டேங்க."

"பரவால்ல, நான் சொல்றேன்." மிச்சமிருந்த குரலைத் திரட்டி அதைச் சொன்னார்.

அதன்பின் ஏழு வாரம் இருந்தார். கடைசி நாள்களில் அந்த வரி வெறும் காற்றாகத்தான் வந்தது. அவர் முதுகைத் தடவியபடி, சொல்லி முடிக்கட்டும் என்று அவள் காத்திருப்பாள்.