மானுக்கு நோகக்கூடாது

கார்த்திகை மாதம் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு காரியம் நடக்கும். அம்மா செத்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார். சித்தப்பா மான் சுடப் போவார். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தது ஆண்டவனுடைய பகிடி என்றுதான் நினைக்கிறேன்.

கனடாவில், லவாலில் இருந்த அந்த வீட்டின் நிலக்கீழ் அறை சித்தப்பாவுடையது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை அவருக்கு. கூட வேலைசெய்த கியூபெக்காரர் ஒருவர் வேட்டைக்குப் பழக்கிவிட்டதும் அல்லாமல், தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே அடைக்கவும் பழக்கிவிட்டார். பித்தளைக் கோது, அதற்குள் மருந்து, நுனியில் பாய்ந்து போகிற சன்னம். அந்தச் சன்னத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் சித்தப்பாவுக்குப் பெரும்பாடு. ஒவ்வொன்றாகச் சின்னத் தராசில் வைப்பார், வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார், கொஞ்சம் பிசகினாலும் ஒதுக்கிவிடுவார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு குற்றம் சொல்லமாட்டார்கள். அவர் கலியாணம் கட்டவும் இல்லை.

அம்மா அந்தப் படியில் கால் வைக்கமாட்டார். சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்த மனுசனுக்குத் துவக்கு என்ன கேடு என்று மேலே நின்றே ஏசுவார். என் அப்பா வன்னியில் ஆமிக்காரரின் சூடுபட்டுச் செத்தவர். கைக்குழந்தையான என்னோடு அம்மா முன்னமே மன்னாருக்கு வந்துவிட்டார். கடைசி நேரத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவருடைய தம்பியான இந்தச் சித்தப்பாதான்.

பூசை முடிந்து சாப்பிட உட்காரும்போது வருடா வருடம் அம்மா ஒரே கேள்வியைக் கேட்பார். அவருக்கு நொந்திருக்குமோ? ஒரு சூடுதான், அந்த இடத்திலேயே போய்விட்டார், நோகவில்லை என்று சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி சொல்லுவார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்குவார். அப்பாவைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததும் அந்த ஒன்றுதான்.

எனக்குச் சின்ன வயதிலேயே வாய் நீளம். ஒருநாள் நிலக்கீழ் அறையில் சித்தப்பா ஒரு பெட்டியை அப்படியே ஒதுக்கி வைத்திருப்பதைக் கண்டேன். எல்லாம் செம்பு மினுங்குகிற வடிவான சன்னங்கள். அவர் எடுத்து வைத்தவையோ நுனியில் ஈயம் தெரிகிற அழுக்கு நிறம். வடிவானதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“அது உள்ளுக்கை போய் மற்றப் பக்கத்தாலை வந்திடும், பிள்ளை. மான் உடனை விழாது. ஓடிப்போய் எங்கையும் பத்தைக்குள்ளை கிடந்து, கனநேரத்தாலைதான் சாகும். மானுக்கு நோகக்கூடாதெல்லோ.”

ஈய நுனி உள்ளே போய் விரியுமாம். மான் நின்ற இடத்திலேயே விழுமாம். அப்படியென்றால் மற்றதை யார் பாவிக்கிறது என்றேன். ஆமிக்காரர் என்றார். சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு பூசையில் பாதர் அப்பாவின் பெயரை வாசித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா கேள்வியைக் கேட்டார், சித்தப்பா பதிலைச் சொன்னார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் புதிதாக ஒரு விசயம் தெரிந்தால் அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆமிக்காரரின் சன்னம் உடனே கொல்லாது, கனநேரம் கிடந்துதான் சாகவேண்டும், சித்தப்பாவே சொன்னவர் என்று வகுப்பில் கை உயர்த்திச் சொல்வதுபோலச் சொன்னேன்.

சிலுவை போடப் போன அம்மாவின் கை நெற்றியிலேயே நின்றது. ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“எவ்வளவு நேரம், தம்பி?”

சித்தப்பா சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடியுமட்டும், அண்ணி.”

அம்மா எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அன்றைக்கு அந்தச் சோற்றை ஒருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு முதல்தரமாக அந்தப் படியில் இறங்கினார். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். சித்தப்பா குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

“விடியுமட்டும் நீர் தனியவோ அவரை வைச்சுக்கொண்டு இருந்தனீர்?” என்று அம்மா கேட்டார். அவர் ஓமென்று தலையை ஆட்டினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடம் மான் இறைச்சி வரவில்லை. துவக்கு கியூபெக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அம்மா பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்கோ ஒரே குழப்பம். நான் பொய் சொன்னால் அகப்பைக் காம்பால் அடி. சித்தப்பா இவ்வளவு காலம் பொய் சொல்லியும் அவருக்குத் தேத்தண்ணியா? அந்த மனுசன் தராசோடு மல்லுக்கட்டியது முழுக்க மானுக்காகத்தான் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.