தண்ணீர் ஊற்றிய தெரு

அமிர்தியில் வனத்துறை நாற்றங்காலில் வேலை பார்த்த சந்தியாகுவுக்கு மரத்துக்குப் பஞ்சமில்லை, பேச்சுத் துணைக்குத்தான் பஞ்சம். மனைவி ஞானமேரி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு சமைப்பதும் அவரே, சாப்பிடுவதும் அவரே, உப்பு கூடிப்போச்சு என்று குறை சொல்வதும் அவரே. சுற்றிலும் அத்தனை மரம் நின்று என்ன பிரயோசனம்? பிள்ளைகளும் இல்லை.

எண்பதாம் வருடம் வேலூரில் ஒரு தெருவில் புங்கன் கன்றுகள் நட்டார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றதும் சந்தியாகு முந்திக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் முதல் பஸ்ஸில் போய், தெருமுனை அடிபம்பில் குடம் குடமாக அடித்துச் சுமந்தார்.

மொட்டைத் தெரு அது. மத்தியானத்தில் காக்கைகூட இறங்காது. ஆனால் பம்படியில் பேச்சுக்குக் குறைவில்லை. "மரத்துக்கு ஊத்தினது போதும், மனுசனுக்கு வுடுய்யா" என்று பெண்கள் திட்டுவார்கள். அந்தத் திட்டு அவருக்குச் சர்க்கரையாக இனித்தது. மேற்கு பார்த்த வீட்டுக் கனீஸ் ஃபாத்திமா திரைக்குப் பின்னாலிருந்து, "தண்ணிக்காரரே, எங்க வூட்டு மரத்துக்கு இன்னொரு கொடம் ஊத்துங்க. உள்ள அடுப்பாட்டம் கொதிக்குது" என்பாள். வாசற்படியில் ஒரு தம்ளர் டீ இருக்கும். மூன்று வருடத்தில் அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. தண்ணிக்காரர் என்று கூப்பிட்டதே அவருக்குப் போதுமாக இருந்தது.

மரங்கள் ஆளுயரம் தாண்டின. "அடுத்த மாசத்தோட சரி. இனி அதுங்களே பொழைச்சிக்கும்" என்றார் வனவர். ஒழுங்காக வேலை செய்து, அந்தத் தெருவுக்குப் போகிற வழியைத் தானே அடைத்துக்கொண்டாரே சந்தியாகு!

ஆடு தின்றுவிட்டதால் பிந்தி நட்ட கன்று ஒன்று தெருக்கோடியில் இருந்தது. அதற்கு மட்டும் தண்ணீரை நிறுத்தினார். அது வாடினால் இன்னும் கொஞ்ச நாள் வரச் சொல்வார்கள் என்று கணக்குப் போட்டார். பத்தாம் நாள் இலைகள் தொங்கிப்போய்க் கிடந்ததைப் பார்த்ததும் தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. அன்று அந்த ஒன்றுக்கே ஏழு குடம் சுமந்தார்.

"இன்னாய்யா, கன்னுக்குத் தலைமுழுக்கா?" என்று பம்படியில் சிரித்தார்கள். அவர் குனிந்து அடுத்த குடத்தை நிரப்பினார். பிறகு மழை விழுந்தது, கன்று தேறியது, வேலையும் முடிந்தது.

அமிர்தியோடு நின்றுவிட்டவருக்கு நினைப்பெல்லாம் அந்தத் தெருவில்தான். ஆனால் கையில் குடம் இல்லாமல் எந்த முகத்தோடு போய் நிற்பது? பிறத்தியார் வாசலில் வெறுமனே நின்றால் நாலு பேர் என்ன ஏதென்று கேட்பார்கள். இந்தக் கூச்சத்திலேயே மூன்று கோடை போயிற்று.

எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வேலூர் பஸ் ஏறிவிட்டார். தெருவே அடையாளம் தெரியவில்லை. உச்சி வெயிலிலும் பெண்கள் வெளியே மர நிழலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியிலேயே குறட்டை விட்டார். கனீஸ் ஃபாத்திமா குடும்பம் வாணியம்பாடிக்குப் போய்விட்டதாம். பம்படியிலும் புது முகங்கள். தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லாமல் சந்தியாகு நடுத்தெருவில் நின்றார்.

மரத்தடியில் வேர்க்கடலை விற்ற பாஞ்சாலை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "யார் வூட்டுக்குங்க வந்தீங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை நாள் வராமல் இருந்தார். "யார் வூட்டுக்கும் இல்லம்மா" என்றார்.

"அப்ப நிழலுக்கு வந்தீங்களா? உக்காருங்க. இதுக்கு யார கேக்கணும்? தானா மொளைச்ச மரம்" என்று கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

தானா முளைத்ததாம்! சந்தியாகுவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமலே வேட்டியை ஒதுக்கி உட்கார்ந்தார். நாலு மணி பஸ் போயிற்று. அதற்கடுத்த பஸ்ஸையும் போகவிட்டார்.