ரெஜினா டீச்சரின் தீனி டப்பா

ரெஜினா டீச்சர் தம் மகனை எண்ணெய்ப் பலகாரம் கொடுத்துச் சாகடிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் இறந்த செய்தியே எனக்கு இந்தப் பொய்யோடு சேர்ந்துதான் வந்தது. பால் ஊற்ற வந்த முனியம்மா வாசலில் நின்று, "சேதி தெரியுமாம்மா? பலகாரம் துன்ன வெச்சே புள்ளய வாரிக் குட்த்துச்சே, அந்த டீச்சரு... விடிகாலைல பூட்ச்சாம்" என்றாள். நான் நீட்டிய சொம்பை உள்ளே இழுத்துக்கொண்டேன். அன்று எங்கள் வீட்டில் காப்பி இல்லை.

எங்கள் மாதா கோயிலின் இந்த மாதப் பங்கு மடலில் இன்னொரு தவறு அச்சாகியிருக்கிறது. "சமையற்கலையில் சிறந்து விளங்கியவர்" என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்குச் சமைக்கவே வராது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவள் நான். அவர் சுட்ட முறுக்கில் பாதி கருகியிருக்கும், மீதி கல்லாக இருக்கும். நான் முகத்துக்கு நேரே சொல்வேன். "ருசிக்குச் செய்யல லூர்தக்கா, எடைக்குச் செய்றேன்" என்பார். அவரைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வாக்கியம் போதும்.

எங்கள் பங்குப் பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்தினேன். அவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவருடைய கணவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக இருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் மார்ட்டின் பிறந்தான். பிறந்ததிலிருந்து அவனுக்கு ஓயாத பசி. எவ்வளவு குடித்தாலும் கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. மலம் எண்ணெயாய் மிதக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் மாந்தம் என்றார்கள். பாலை நிறுத்து, எண்ணெயை நிறுத்து, கஞ்சித் தண்ணீர் கொடு என்றார்கள். ரெஜினாவும் கேட்டார். பத்தியத்தில் பிள்ளை இன்னும் வற்றினான். பிறகு இருமல் வந்தது. அதற்குக் காசநோய் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் வீட்டுத் தம்ளரில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. என்னைத் தவிர.

வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த ஒரு குழந்தை மருத்துவரிடம் கடைசியாகப் போனோம். நானும் உடன் இருந்தேன். அவர் மார்பைத் தட்டிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "பிள்ளைக்கு முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறதா?" என்று கேட்டார்.

ரெஜினா சிரித்துவிட்டார். "நாங்க ராயபுரம் டாக்டர். கடல் காத்து. எங்க பக்கம் எல்லாப் பிள்ளையும் உப்புக் கரிக்கும்."

"எல்லாப் பிள்ளையுமா? வேறு பிள்ளைகளை முத்தமிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?"

ரெஜினாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மார்ட்டினின் சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைத் துவைக்கும்போதெல்லாம் நாங்கள் பார்த்ததுதான். வாசல் கம்பியும் துருப்பிடிக்கிற ஊரில், பிள்ளையின் நெற்றி கரிப்பதை யார் நோயென்று நினைப்பார்கள்? நாங்கள் கடலைக் குறை சொல்லிக்கொண்டு வருடங்களைத் தொலைத்திருந்தோம்.

நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார். கணையம் செரிமான நீரை விடுவதில்லை. தின்ற கொழுப்பு அப்படியே போய்விடுகிறது. சளி பசையாகி நுரையீரலில் கட்டுகிறது. வியர்வையில் உப்பு வீணாகிறது. பள்ளியில் சேர்க்கும் வயதுவரை இருந்தாலே பெரிது என்றார். கணையப் பொடி ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, கொழுப்பைக் குறைக்கவும் சொன்னார். அன்று மருத்துவத்தில் அதுதான் பாடம். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

பேருந்தில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் ரெஜினா சொன்னார். "பசிக்குதுன்னு அழுத பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணி குடுத்தேனே, லூர்தக்கா. இனிமே இந்த வீட்ல கஞ்சி காய்ச்சினா என் கையை வெட்டுங்க."

கப்பல்காரர்கள் மூலம் பொடி டப்பாக்கள் வரத் தொடங்கின. தீனிக்கு முன் ஒரு கரண்டி மசித்த வாழைப்பழத்தில் பொடியைக் கலந்து கொடுக்கவேண்டும். சூடான எதிலும் போடக்கூடாது, பொடி செத்துவிடும். கொடுத்தவுடன் வாயைத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் உதடு புண்ணாகும். பொடி உள்ளே போனபின் கொழுப்பு உடம்பில் ஒட்டுகிறதா என்று ரெஜினா பார்த்தார். ஒட்டியது. எடை ஏறியதைக் கண்டு அதே மருத்துவர், "இப்படியே தொடருங்கள்" என்றார்.

இதைப் படிக்கும் தாய் ஒருத்திக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கிக் கல்லுரலில் நன்றாக இடித்துக்கொள்ள வேண்டும். வெல்லப்பாகு இறக்கியபின் கடலையைக் கொட்டி, கை கொள்ளும் அளவுக்கு நெய் விட்டு, ஒரு சிட்டிகைக்கு மேலேயே உப்புப் போட்டு உருட்டவேண்டும். உப்பை மறக்கக்கூடாது, சித்திரை வைகாசியில் இன்னும் கூட்டவேண்டும். கோயிலில் கொடுக்கும் பால் பவுடரில் கொழுப்பே கிடையாது. ரெஜினா அதை வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து உருட்டுவார். தேங்காய்ப்பாலில் முட்டை மஞ்சள் கரு அடித்து ஆறவைத்துக் கொடுப்பார். நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று பொரிப்பார். பிறகு அந்த வெண்ணெய் முறுக்கு. மார்ட்டின் ஒருநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஆன்ட்டி, அம்மா முறுக்கைக் கடிச்சா பல்லு போவுது, கடிக்கலன்னா உசுரு போவுது. எது போனா பரவால்ல?" என்றான். "பல்லு," என்றேன். "அப்ப உங்க பல்செட்டு எங்க செஞ்சீங்கன்னு சொல்லுங்க" என்றான். அவனுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதைத் தாண்டியிருந்தான். அதைக் கவனியுங்கள்.

எங்கள் தெருவில் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் முழுவதும் யாரும் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. ஒரு பெரிய வெள்ளியன்று ரெஜினா வீட்டிலிருந்து முறுக்கு வாசனை தெருவில் இறங்கியது. மாதா சபைத் தலைவி இரண்டு பெண்களோடு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், ஆண்டவரு சிலுவைல தொங்கிக்கினு கீறாரு, உன் வூட்ல எண்ணெ காயுதா?"

ரெஜினா ஜல்லிக்கரண்டியும் கையுமாகவே வெளியே வந்தார். "அவருக்குத் தாகம்னப்ப புளிச்ச காடியைக் குடுத்தாங்க. என் பிள்ளைக்குப் பசின்னப்ப முறுக்கு குடுக்கறேன். எது பாவம்னு கோயில்ல முட்டி போட்டு அவரையே கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

"படிச்ச திமிரு."

"ஆமா. கருகுது, வழிய விடுங்க."

எண்ணெய்தான் பிள்ளையைக் கெடுக்கிறது என்ற பேச்சு அந்த வாசலில்தான் பிறந்தது. உபவாசத்துக்கு வயதில்லாத பிள்ளை அவன், நோயாளி வேறு. திருச்சபையே விலக்குக் கொடுத்த பிள்ளைக்கு இவர்கள் விலக்குக் கொடுக்கவில்லை. என் தொண்டை வறண்டு போகும்வரை நான் சொல்லியும் கேட்கவில்லை.

பள்ளியில் வேறொரு தடை. மற்றப் பிள்ளைகள் பார்க்கத் தின்னக்கூடாது, ஏக்கம் பிடிக்கும், கண் படும். இது நம் ஊர் வழக்கம். நியாயமும் இருக்கிறது. ரெஜினா அதை மீறவில்லை. மார்ட்டின் டப்பாவைத் திறக்கும்போது வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு பிடி உப்புக்கடலை கொடுத்தார். கண் படுவதற்கு யாருடைய கண்ணும் காலியாக இல்லை.

மார்ட்டின் உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். என்னிடம் ஆங்கிலம் படித்தான், மோசமாகப் படித்தான். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் கட்டிய சளி அவனைக் கொண்டுபோனது. நெஞ்சு. வயிறு அல்ல, எண்ணெய் அல்ல. இவ்வளவு தூரம் அவனைச் சுமந்து வந்தது அந்த உடம்பில் ஏறிய எடைதான் என்று மருத்துவரே என் எதிரில் சொன்னார். சபைப் பெண்கள் அடக்கத்துக்கு வந்து, "அப்பவே சொன்னோமே" என்றார்கள். அடுத்து ரெஜினாவின் கணவரும் போனார். ரெஜினா பொடி டப்பாக்களைத் தூக்கி எறியவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்துக் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். மீன் விற்கும் தனம், மடியில் கிடந்த மகள் செல்வியைக் காட்டிப் புலம்பினாள். "எவ்ளோ துன்னாலும் ஒட்ட மாட்டேங்குது டீச்சர். ஒடம்பெல்லாம் உப்பு பூத்துக் கீது. கடக்காத்து, வேறின்னா."

ரெஜினாவின் கையிலிருந்த கூடை கீழே விழுந்தது. சேற்றில் மண்டியிட்டு அந்தக் குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டார். உதட்டை நாக்கால் துடைத்துப் பார்த்தார். "இது கடல் இல்ல, தனம்" என்றார்.

செல்வியை அதே மருத்துவரிடம் கொண்டுபோனவர் ரெஜினா. நம் பள்ளியில் சேர்த்தவர் ரெஜினா. ஓய்வு பெற்ற பிறகும், இடைவேளை மணி அடிக்கும்போதெல்லாம் நீல மூடி போட்ட தீனி டப்பாவோடு வாயிலில் நின்றவர் ரெஜினா. தனம் அந்த நேரத்தில் மீன்கூடையோடு தெருத் தெருவாகப் போயாகவேண்டும். செல்வி இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். ஓடுகிறாள். வாயாடுகிறாள்.

அடக்கத்தன்று கல்லறையில் ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது கோயிலில் நண்பகல் மணி அடித்தது. தனத்தின் சேலையைப் பிடித்து நின்ற செல்வி, பழக்கத்தில் வலது கையை நீட்டினாள். நீட்டிய கையோடு கூட்டத்தில் ரெஜினாவைத் தேடினாள். பிறகு குழியைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது. டப்பாவை நான் கொண்டுபோயிருந்தேன். வாழைப்பழத்தில் பொடி கலந்து ஊட்டி, வாயைத் துடைத்து, கடலை உருண்டையைக் கொடுத்தேன். அவள் அங்கேயே தின்றாள். "கல்லறைலயா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆம், கல்லறையில்தான்.

அடுத்த திங்கட்கிழமை தனம் என் வீட்டுக்கு வந்தாள். "இன்மே டப்பா கிப்பா எதுவும் இஸ்கோலு உள்ள வரக் கூடாதாம்மா. செத்த டீச்சருக்காவப் பொறுத்துக்கினாங்களாம். தபசு காலத்துல புள்ளைங்க எதுரே துன்னா நல்லால்லன்ட்டாங்க பெரிய டீச்சரு. எம் பொண்ணு காஞ்சி பூடுவாம்மா."

ரெஜினா, நீங்கள் போய் வாருங்கள். டப்பா என்னிடம் இருக்கிறது. பொடிக்கும் கப்பல்காரர்களிடம் சொல்லி வழி செய்துவிட்டேன். உங்கள் முறுக்கை மட்டும் செய்யமாட்டேன். என் முறுக்கு கருகாது.

பள்ளித் தாளாளர் அவர்களுக்கு: மூன்றாம் வகுப்பு மாணவி செல்வி இடைவேளைகளில் பொடியும் தீனியும் உண்ணவும், அவற்றை நான் வாயிலில் நின்று கொடுக்கவும், வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு பிடி கடலை கொண்டுவரவும் அனுமதி உண்டா, இல்லையா? வாய்மொழியாகச் சொல்லி அனுப்பவேண்டாம். தங்கள் கையொப்பத்துடன் எழுத்தில் பதில் தரவும்.

லூர்து மேரி
ராயபுரம்