யானை வேலிக்கு ஒரு சாம்பிள்

ஓசூரில் பட்டறை வைத்திருக்கும் நாங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. சாம்பிள் கொடுத்தால் அதே மாதிரி செய்து தருவோம். வரைபடத்துடன் வருகிறவரைச் சற்றுச் சந்தேகமாகப் பார்ப்போம். உடைந்த பாகத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருகிறவருக்கு டீ சொல்வோம். நானும் பல வருடங்களாக ஒரு தகரக் கொட்டகையில் வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். கேட், கிரில், கம்பெனிகளில் இயந்திரங்களைச் சுற்றிப் போடும் கம்பி வேலி. இயந்திரங்கள் தப்பித்துப் போக முயல்வதில்லை என்பதால் என் வேலிகளைப் பற்றி இதுவரை புகார் வந்ததில்லை.

போன வருடம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பக்கத்து நாற்காலியில் அஞ்செட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மகளை ஓசூரில் தம்பி வீட்டில் விட்டுப் படிக்க வைக்கிறார். அவளும் என் மகளும் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன்.

"யானை உள்ள வராத மாதிரி வேலி போடுவீங்களா சார்?"

"சாம்பிள் இருக்குங்களா?" என்றேன். வாய் அதுவாகக் கேட்டுவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. அவர் நிலம் காட்டை ஒட்டியது. ராகி கதிர் பிடிக்கும் நேரத்தில் யானை வருவது அவருக்குப் புதிதல்ல. பரண் போட்டுக் காவல் இருப்பார், தகரம் தட்டுவார், பாதி போகும், பாதி மிஞ்சும். ஆனால் கடைசி அறுவடைக்குப் பிறகு ஒரு யானை வீட்டுக்கே வந்து, ராகி மூட்டை அடுக்கியிருந்த அறையின் சுவரைத் தள்ளிவிட்டது. அடுத்த அறையில் மனைவியும் மாமியாரும் படுத்திருந்தார்கள். அடி யாருக்கும் இல்லை. தூக்கம்தான் போய்விட்டது. வேலி இல்லாவிட்டால் இந்த வருடம் விதைப்பே வேண்டாம், ஓசூருக்குப் போய் ஏதாவது கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை பாருங்கள் என்று மனைவி சொல்லிவிட்டாராம்.

"சோலார் கரண்ட் கம்பி போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டோம் சார். ஒரு மரத்தப் புடுங்கியாந்து கம்பி மேல சாச்சிட்டு, அது மேலயே நடந்து வந்துருச்சி."

நான் யோசிப்பதுபோல மோவாயைத் தடவினேன். எனக்கு யானையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது. அதில் எங்கும் வெல்டிங் பற்றிய குறிப்பு இல்லை.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "சார், சாம்பிள் கெடைச்சிருச்சி."

விஷயம் இதுதான். பள்ளியில் பிள்ளைகளைக் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறார்கள். துணைக்குப் பெற்றோர் இரண்டு பேர் வேண்டும். அங்கே யானை இருக்கிறது. இருக்கிறது என்றால், எதற்குள்ளேயோ இருக்கிறது.

அவர் தன் பெயரையும் என் பெயரையும் சேர்த்தே கொடுத்திருந்தார்.

காலையில் பஸ் ஏறும்போது என் மகள் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, இஞ்ச் டேப்பு எதுக்குப்பா?"

"சும்மா இருக்கட்டும்."

"ப்ளீஸ்ப்பா. என் ஃப்ரண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க."

ஜூஜுவாடியில் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, அத்திப்பள்ளி தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளுக்கு டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். விலங்கின் பெயர், அதன் இருப்பிடம் எப்படி இருக்கிறது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது. புலி தூங்கியது. சிங்கம் தூங்கியது. நீர்யானை தண்ணீருக்குள் இருந்ததால் தூங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தூங்குவதாகவே எழுதிக்கொண்டார்கள். கரடி மட்டும் சுவரோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தது. போகும்போது ஒரு கல்லை மூக்கால் தொட்டது, வரும்போது அதே கல்லைத் தொட்டது. பிள்ளைகள் அது எதையோ தேடுகிறது என்றார்கள். நான் கம்பி மடிப்பில் வெல்டிங் எப்படி விட்டிருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் கரடியப் பாக்கறாங்க. நீ கம்பியப் பாக்கற" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

விவசாயி எந்தக் கூண்டின் முன்னாலும் நிற்கவில்லை. புலியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "யானை எங்கிட்டுங்க?" என்று வழியில் போகிறவர்களைக் கேட்டுக்கொண்டே முன்னால் போனார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த எங்களை டீச்சர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

யானை அடைப்பு பெரிதாக இருந்தது. பழைய ரயில் தண்டவாளங்களை வரிசையாக நட்டு, குறுக்கேயும் தண்டவாளமே கொடுத்திருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம். அதற்கும் இந்தப் பக்கம் நாங்கள். உள்ளே ஒரு பெண் யானை மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். விவசாயி பள்ளத்தோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் ஒரு யானையைப் பார்த்ததே இல்லை என்று பிறகு சொன்னார்.

நான் டேப்பை எடுத்தேன். பள்ளத்தைத் தாண்டி அளக்க முடியாது என்பதால், பக்கவாட்டில் வேலி பாதையை ஒட்டி வரும் இடத்துக்குப் போய், தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். விவசாயி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். காக்கி உடுப்பில் ஒரு யானைக் காவலர் எங்களை நோக்கி வந்தார்.

"ஏனு சார், யானை வாங்கப் போறீங்களா?"

என் கன்னடம் பஸ்ஸில் சில்லறை கேட்கும் அளவுக்குத்தான். விவசாயி முழுக் கன்னடத்தில் தொடங்கினார். அஞ்செட்டி, ராகி, சுவர், மாமியார் எல்லாம் எனக்குப் புரிந்தது. கேட்டு முடித்த காவலர் டேப்பைப் பார்த்து என்னிடம் தமிழிலேயே சொன்னார்: "இந்த அளவு உங்களுக்கு ஒதவாது சார். இது இங்கயே பொறந்த யானை. வேளைக்குச் சாப்பாடு வருது. இது ஏன் வேலிய ஒடைக்கப் போகுது? காட்டு யானை பசியில வருது."

"அப்ப காட்டு யானைக்கு எவ்ளோ கனமா போடணும்?"

"உங்க நெலம் பூராவும் இதே மாதிரி போடுவீங்களா?"

நான் விவசாயியைப் பார்த்தேன். அவர் நிலத்தைச் சுற்றித் தண்டவாளம் நடுவதென்றால், ஓசூரிலிருந்து அஞ்செட்டிக்கு ரயிலே விட்டுவிடலாம். அன்றைக்குக் காலை வரை அந்த வருடத்தின் பெரிய ஆர்டர் இதுதான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். டேப் சுருண்டு உள்ளே போயிற்று.

அப்போது சாப்பாட்டு நேரம். இன்னொரு காவலர் ஒரு பெரிய தட்டில் கரும்பழுப்பு உருண்டைகளைக் கொண்டு வந்தார். யானை தானாகவே நடந்து வந்து வாயைத் திறந்தது. உருண்டை உள்ளே போயிற்று.

"அது என்னாங்க?" என்றார் விவசாயி.

"ராகி முத்தெ."

விவசாயி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை எந்த அளவிலும் அளக்க முடியாது. "பாருங்க சார். எங்கூர்ல பச்சையாத் திருடித் திங்குது. இங்க களி கிண்டி, உருட்டி, ஊட்டியும் உடறாங்க."

அவர் மகள் பக்கத்தில் நின்று தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். "அப்பா, இது ஒரு நாளைக்கி எத்தன முத்தெ திங்கும்னு கேளு."

"வேண்டாங் கண்ணு. கேட்டா உங்கம்மாவுக்குச் சொல்லணும்."

ஆனால் அவர் பார்வை தட்டு வந்த வழியிலேயே போய் நின்றுவிட்டது. அடைப்பின் ஒரு மூலையில், வேலிக்கு உள்ளேயே, சின்னதாக ஒரு கல் அறை. அதற்குள்தான் ராகி மாவும் வெல்லமும் வைத்திருந்தார்கள். வேலியில் இருந்ததைவிட நெருக்கமாக அந்த அறையைச் சுற்றித் தண்டவாளம் நட்டிருந்தது. சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஓர் ஆள் கையை நீட்டிப் படுக்கும் அளவுக்கு வெற்றிடம்.

"அது எதுக்குங்க அவ்ளோ தள்ளி?"

"தும்பிக்கை எட்டக் கூடாது" என்றார் காவலர். "எட்டலேன்னா கொஞ்ச நேரம் தடவிப் பாக்கும். அப்புறம் போயிரும். நட்டு போல்டு மட்டும் வெளிப் பக்கம் வெக்காதீங்க. திருகி எடுத்துரும்."

விவசாயி அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கிக்குப் போய்விட்டார்கள். டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நாங்கள் நகரவில்லை.

"சார்," என்றார் கடைசியில். "நான் நெலத்துக்கு வேலி கேட்டது தப்பு. வயல்ல வந்து திங்கறதத் திங்கட்டும், பரண்ல நான் இருக்கறன். ஊட்டுக்கு எதுக்கு வருது? மூட்டைக்கி வருது. மூட்டையை நான்தான எங்க தலமாட்டுல அடுக்கி வெச்சிருக்கறன்?"

"அப்போ?"

"ஊட்ட உட்டுத் தள்ளி ஒரு ரூமு. அதச் சுத்தி இதே மாதிரி. இதுதான் சாம்பிள்."

அந்த அறையை அளக்க எங்களை உள்ளே விட மாட்டேன் என்று காவலர் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். கண்ணளவில் வரைந்துகொண்டேன். என் கையில் தாள் இல்லை, மகளிடம் கேட்டேன். "இருப்பிடம் எப்படி இருக்கிறது" என்ற இடத்துக்குக் கீழே இருந்த காலியிடத்தை, என்னை முறைத்துக்கொண்டே, கொடுத்தாள். அந்தப் படத்தோடேயே அவள் தாளை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் படத்துக்கு மட்டும் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்.

அவர் விதைத்தார். வீட்டைவிட்டுத் தள்ளி ஓர் அறையும் கட்டினார். கதிர் பிடிக்கும் முன்னால், பழைய இரும்புக் கடைகளில் தேடித் தண்டவாளம் வாங்கி, ஒரு மினி லாரியில் ஏற்றி, நானும் என் பட்டறை ஆட்களும் அஞ்செட்டிக்குப் போய் நட்டுக் கொடுத்தோம். போல்ட்டை எல்லாம் உள்பக்கம் வைத்து, மேலே வெல்டிங்கும் அடித்தேன். அவர் மனைவி ஒவ்வொரு தண்டவாளத்தையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. இருந்தாலும் எங்களுக்குக் காபி கொடுக்கும்போது அவர் முகத்தில் நம்பிக்கை எதுவும் தெரியவில்லை. நானும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. யானை வாடிக்கையாளராக வந்து எனக்கு அதற்கு முன் பழக்கமில்லை.

அறுவடை முடிந்து மூட்டைகள் புது அறைக்குப் போன பிறகு, ஒரு நாள் காலையில் போன்.

"சார், ராத்திரி வந்துட்டுப் போயிருக்குது. மூலையில ஒரு கம்பம் லேசா சாஞ்சிருக்குது. வாரண்டி உண்டுங்களா?"

"மூட்டை?"

"அப்படியே இருக்குது. வாழ ரெண்டத் தின்னுட்டுப் போயிருச்சி."

"உங்களுக்குச் சத்தமே கேக்கலீங்களா?"

"கேட்டுச்சி சார்," என்றார். "எல்லாரும் திரும்பிப் படுத்துக்கிட்டோம்."