கண் முளைக்காத குஞ்சுகள்

எருக்கலம்பிட்டி அஸீபா லேசில் பயப்படுகிற ஆளில்லை. மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி கழுவச் சேர்ந்தவள், ஆறே மாதத்தில் நுணுக்குக்காட்டியில் முட்டை பார்த்து எண்ணிச் சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள். அப்படிப்பட்டவளைக் கலங்கவைத்தது கடுகளவு முட்டைதான்.

வரிமீனின் முட்டை கண்ணாடி மாதிரி. ஒன்றரை நாளுக்குள் உள்ளே தலை திரண்டு, மூளை பிரிந்து, இரண்டு கண்ணும் தெரிந்துவிடும். அன்று எண்பத்துமூன்று குஞ்சில் இருபதுக்குக் கண்ணே இல்லை. மூளையின் முன்பக்கமும் சரியாக வளரவில்லை.

"தாய் தகப்பனுக்கு ஒண்டுமில்லையே, மிஸ்?"

"ரெண்டும் ஒரே கிழட்டு மீனின்ர பேரப்பிள்ளையள்," என்றார் ஆய்வு செய்யும் கீர்த்திகா. "அதின்ர பழுதான மரபணு ரெண்டிலயும் ஒளிச்சிருக்கு. ரெண்டு பக்கத்தாலயும் வந்து சேர்ந்தால்தான் இப்பிடி."

அஸீபாவுக்கு இது நான்காம் மாதம். புருஷன் றினாஸ் அவள் வாப்பாவின் தங்கை மகன். 'இரத்த உறவில் கலியாணமோ' என்று கிளினிக்கில் கேட்டபோது இருவரும் ஒரே வாயாக 'இல்லை' என்றார்கள். பொய்யில்லை. உம்மாவின் தங்கை சாச்சி; சாச்சி பிள்ளை என்றால் சகோதரம். மாமி பிள்ளை முறைக்காரன். ஊர்க் கணக்கு அப்படித்தான். மரபணுவுக்கு முறை சொல்லிக்கொடுத்தது யார்?

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. றினாஸ் கடலுக்குப் போய்விட்டதால் அடுத்த கிளினிக்குக்குக் கூட வந்தது மாமி ஹவ்வா உம்மா. மாமிக்கு முன்னால் இதை எடுத்தால், மகனில் குறை பிடிக்கிறாள் என்று வருஷக்கணக்கில் முகம் தூக்குவார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"டொக்டர், அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டம். இவ என்ர வாப்பாவோட கூடப்பிறந்த தங்கச்சி. இவவின்ர மகனைத்தான் முடிச்சிருக்கிறன்."

டொக்டர் நிமிர்ந்தார். "குடும்பத்தில ஆருக்கும் மூளை சரியா வளராமப் பிள்ளை பிறந்ததோ?"

"இல்லை டொக்டர்..."

"பிறந்தது," என்றார் மாமி. "எனக்கு. றினாஸுக்கு முந்தி. நானும் மச்சானைத்தான் முடிச்சனான். ஒரு நாள்கூட உயிரோட இருக்கேல்லை, மௌத்தாப் போயிட்டுது. இவளின்ர வாப்பாவுக்கும் காட்டேல்லை."

டொக்டர் அட்டையில் இருந்த பழைய பதிலை வெட்டிவிட்டு, மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கும்படி கடிதம் எழுதினார். அஸீபாவுக்குக் கோபம் பொங்கியது. முதலே சொல்லியிருக்கலாமே! திரும்பிப் பார்த்தாள். மாமி கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நான்கு மாதமும் வீட்டில் தன்னைவிட அதிகமாகப் பயந்திருந்தது அவர்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

"நாளைக்கு நானும் வாறன்," என்றார் மாமி.